கேளுங்கள், சொல்கிறோம்: விறகுக்கு அடியில் இருந்தது பல்லியா?

*எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரக்காடு. இலையுதிர் காலத்தில் மக்கிப்போன கட்டை ஒன்றைப் புரட்டினேன். விரல் நீளத்தில் பல்லி மாதிரி ஒன்று, முதுகில் செங்கல் நிறக் கோடு. மகன் வளர்க்க வேண்டும் என்கிறான். இது என்ன? விஷமா?*
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பல்லி இல்லை, விஷமும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது சிவப்பு முதுகு சாலமாண்டர், அது தவளையின் உறவு. உற்றுப் பார்த்தால் தெரியும், பல்லிக்கும் அரணைக்கும் இருக்கிற செதில் இதற்குக் கிடையாது, வெறும் ஈரத்தோல்தான். அந்தத் தோலைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை தானாக விளங்கிவிடும்.

ஏனென்றால் இதற்கு நுரையீரலே இல்லை! மூச்சு முழுவதும் தோல் வழியாகவும் வாயின் உள்தோல் வழியாகவும்தான். தோலில் ஈரம் இருந்தால்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே போகும், காய்ந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால்தான் மழை பெய்து சருகெல்லாம் நனைந்திருக்கும் இரவுகளில் வெளியே வந்து, சில நேரம் செடிகளின் மேல்கூட ஏறிப் பூச்சி பிடிக்கிறது. வெயில் அடித்துக் காடு காய ஆரம்பித்தால் கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் புகுந்துகொள்கிறது. அப்போது ஈரமான இடமும் அங்கேதான், இரையும் அங்கேதான் என்பதால் நல்ல கட்டை ஒன்று கிடைத்தால் அதை லேசில் விட்டுக்கொடுக்காது, உள்ளே வருகிற இன்னொரு சாலமாண்டரைக் கடித்துத் துரத்தும். எச்சம் போட்டு எல்லை குறிக்கும். ஆண் போட்ட எச்சத்தைப் பெண் கலைத்துப் பார்த்து, அவன் கரையான் தின்றவனா எறும்பு தின்றவனா என்று கணிக்கிறது என்பதை ஆய்வாளர்கள் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். கரையான் மெத்தென்ற சத்தான தீனி, எறும்புக்கு ஓடு கெட்டி. பெண்களுக்குப் பிடித்தது கரையான் தின்கிறவனைத்தான். இதைப் படித்த நாளிலிருந்து இந்தச் சிறு பிராணி மேல் எனக்குத் தனி மரியாதை.

வளர்க்கும் ஆசையை மகனிடம் பக்குவமாகப் பேசி மாற்றுங்கள். வீட்டுச் சூடும் உலர்ந்த காற்றும் இதற்கு ஆகாது. பார்க்க வேண்டுமானால் கையை வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொடச் சொல்லுங்கள். கொசு மருந்தோ சன்ஸ்கிரீனோ தடவிய கை வேண்டாம், தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அறுந்தால் மறுபடி முளைக்கும்தான், ஆனால் சேமித்த கொழுப்பு அந்த வாலில்தான் இருக்கிறது. பார்த்து முடித்ததும் கட்டையை எந்தப் பக்கம் எப்படிக் கிடந்ததோ அப்படியே மெதுவாக வையுங்கள். முதலில் சாலமாண்டரை ஓரமாக விட்டு, அப்புறம் கட்டையை இறக்குங்கள், இல்லாவிட்டால் நசுங்கிவிடும்.

*பக்கத்தில் குளமோ ஓடையோ இல்லாத காட்டில் இது எங்கே முட்டையிடும்?*
- ஒரு மாணவர், டொராண்டோ

குளமே தேவையில்லை. கோடைத் தொடக்கத்தில் மக்கிய கட்டையின் உள்பொந்தில் ஏழெட்டு முட்டைகளைச் சின்னத் திராட்சைக் குலை மாதிரி தொங்கவிடுகிறது தாய். பிறகு ஏறத்தாழ ஆறு வாரம் அதைச் சுற்றி உடம்பை வளைத்துக்கொண்டு, ஈரம் போகாமல் காத்து, திருட வருகிறவர்களை விரட்டி, தானும் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் குஞ்சு வெளியே வரும்போதே நாலு காலோடு, பெரியதன் அச்சாக, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். அந்தக் கோடையில் யாராவது கட்டையைப் புரட்டிவிட்டால் தாய் குலையைக் கைவிட்டுப் போகக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம், அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கட்டைகளைத் தொடாமல் இருப்பது நல்லது. குளிர்காலத்தில் வேர்ப் பொந்துகள் வழியாக மண் உறையாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

*இவ்வளவு சின்னது, காட்டுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது?*
- ஒரு வாசகர், மதுரை

நியூ ஹாம்ப்ஷையரில் ஹப்பர்ட் புரூக் என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. அங்கே 1975-இல் வெளியான கணக்கு இது: காட்டிலுள்ள சாலமாண்டர்களை எல்லாம் சேர்த்து எடை போட்டால், கூடுகட்டும் காலத்தில் அங்கிருக்கும் பறவைகளின் மொத்த எடையைப் போல் இரண்டு மடங்கு வருகிறது, எலி, மூஞ்சூறு எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். அதில் மிகப் பெரும்பங்கு இந்தச் சிவப்பு முதுகுதான். பொடிப் பூச்சிகளைத் தின்று தன் உடம்பாக்கி, பாம்புக்கும் பறவைக்கும் மூஞ்சூறுக்கும் இரையாகிறது. பறவையைத் தலை நிமிர்ந்து பார்க்கிறோம், இதை யார் பார்க்கிறார்கள்?

*இந்தியாவில் உண்டா?*
- ஒரு வாசகி, கோவை

இந்த இனம் கிடையாது, இது வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக்கு உரியது. ஆனால் டார்ஜிலிங் மலைகளில் இமாலய நியூட் என்ற சாலமாண்டர் உண்டு, அது மழைக்காலத்தில் குளத்தில் இறங்கித்தான் முட்டையிடும். தமிழ்நாட்டில் சாலமாண்டரே இல்லை. ஆனால் தவளைக்கும் சாலமாண்டருக்கும் உறவான, ஈரமண்ணுக்குள் வாழும் காலில்லாத சிசிலியன்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கின்றன, மண்புழு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.