55-லேயே இருக்கட்டுமா, 60-க்குப் போகட்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. வட சென்னையில் ஒரு கிளப்பில் ஏழு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறான். 55 கிலோ பிரிவில் இரண்டு வருடமாக மாநிலத்தில் அவனை யாரும் ஜெயிக்கவில்லை. ஆனால் சாதாரண நாளில் அவன் எடை 61 கிலோ. போட்டிக்கு முந்தைய வாரம் சோறு கிடையாது, கடைசி நாள் தண்ணீரும் கிடையாது. மாஸ்டர் 60-க்குப் போகச் சொல்கிறார். "ஜெயிக்கிற இடத்தை எதுக்கு விடணும்? இனோவே எல்லாம் வெயிட் குறைச்சுத்தானே சாம்பியன் ஆனாரு?" என்று ஜப்பான் குத்துச்சண்டை வீரர் நவோயா இனோவேயைக் காட்டுகிறான் இவன். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு இன்னும் ஒரு மெடல் வேண்டும் என்பதும் அவன் கணக்கு. போன வாரம் அவன் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. உடம்பில் இருக்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். நான் அவனிடம் எப்படிப் பேசுவது?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த மாத்திரை. எடைப்பிரிவைப் பற்றி அடுத்த வாரம்கூடப் பேசிக்கொள்ளலாம். இதை இன்று ராத்திரியே பேசிவிடுங்கள். சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகள் 'வாடா' என்கிற உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. போட்டி நாள், பயிற்சி நாள் என்ற வித்தியாசமே இல்லை, எப்போதும் தடைதான். சோதனையில் மாட்டினால் வருடக்கணக்கில் ரிங் பக்கம் வர முடியாது, அவன் நம்பியிருக்கும் வேலையும் அதோடு போய்விடும். அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. தண்ணீரோடு பொட்டாசியம் மாதிரியான உப்புகளும் வெளியேறும். அவை குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ஏற்கெனவே தண்ணீர் குடிக்காமல், வியர்த்துக் காய்ந்து கிடக்கிற உடம்பில் இதையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அட்டையை வாங்கித் தூரப் போடுங்கள். மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள். அதைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம்.

நானும் அந்த வழியில் போய் வந்தவன். ஒரு போட்டியன்று காலையில் தராசு 300 கிராம் கூடக் காட்டியது. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திய ஒரு சின்ன அறையில் ஸ்கிப்பிங் ஆடினேன். வியர்வை நின்றுவிட்டது. வாயில் புளிப்பு மிட்டாயை அடக்கி, ஊறுகிற எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பினேன். ஒரு கட்டத்தில் அதுவும் ஊறவில்லை. எப்படியோ எடை வந்துவிட்டது. சாயங்காலம் ரிங்கில் எதிராளியின் ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) கிளம்புவது நன்றாகவே தெரிந்தது, ஆனால் என் தலை நகரவில்லை. தெரிந்துகொண்டே வாங்கினேன். அந்த மூன்று ரவுண்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

சரி, இனோவே கதைக்கு வருவோம். தம்பி அவரைக் காட்டுவது எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அவர் கதை மாஸ்டர் பக்கம்தான் பேசுகிறது. நவோயா இனோவே முதல் உலகப் பட்டத்தை 2014 ஏப்ரலில், 49 கிலோவுக்குச் சற்றே கீழே உள்ள லைட் ஃப்ளைவெயிட்டில் ஜெயித்தார். அது அவருடைய ஆறாவது தொழில்முறைச் சண்டைதான். ஜெயித்தார், ஆனால் எடை குறைத்த வேதனையில் நடுச்சண்டையில் அவர் காலே பிடித்துக்கொண்டது. உலக சாம்பியன் ஆயிற்றே என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. ஒரே ஒரு முறை பட்டத்தைக் காப்பாற்றினார், அப்புறம் அதை விட்டுவிட்டார். நடுவில் இருந்த ஃப்ளைவெயிட்டையும் தாண்டி, அதே வருடம் டிசம்பரில் 52 கிலோ சூப்பர் ஃப்ளைவெயிட்டில் ஓமர் நார்வாயெஸை இரண்டே ரவுண்டில் முடித்தார். எடை குறைப்பிலிருந்து விடுபட்ட பிறகுதான் உலகம் உண்மையான இனோவேயைப் பார்த்தது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, இதைத் தம்பிக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். தொழில்முறை வீரர்களுக்கு முந்தைய நாளே எடை பார்த்துவிடுவார்கள். குடிக்க, சாப்பிட, தூங்க ஒரு முழு நாள் கிடைக்கும். தம்பி ஆடுகிற அமெச்சூரில் சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் தராசு ஏற வேண்டும், சில மணி நேரத்தில் ரிங்குக்குள் நிற்க வேண்டும். தொடரில் நான்கு சண்டை என்றால் நான்கு காலை. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தால் தாகம் அடங்கும். ஆனால் தசைக்கும் ரத்தத்துக்கும் போக வேண்டிய நீர் அந்த நேரத்துக்குள் முழுசாகத் திரும்பாது. உடம்பு வற்றிய நிலையில் தலையில் அடி வாங்குவது இன்னும் ஆபத்து. 61-லிருந்து 55 என்றால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு. இதில் பாதி போயிருந்தாலே எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

அவன் கடைசி இரண்டு சண்டைகளின் வீடியோ இருந்தால் மூன்றாவது ரவுண்டை மட்டும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். கை கீழே இறங்குகிறதா? அடித்துவிட்டு உடனே கட்டிப் பிடிக்கிறானா? அப்படியென்றால் 55-ல் அவன் ஆதிக்கம் செலுத்துவதெல்லாம் முதல் இரண்டு ரவுண்டு முடிகிற வரைக்கும்தான்.

மாஸ்டர் சொன்னால் போதும், நாளைக்கே போ என்று சொல்ல மாட்டேன். தம்பியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தொழில்முறையில் பாண்டம்வெயிட்டுக்கும் சூப்பர் பாண்டமுக்கும் நடுவில் இரண்டு கிலோகூட இல்லை. அந்தச் சின்ன ஏற்றமே இனோவேயிடம் தெரிந்தது. பாண்டமில் மெக்டொனலை ஒரே ரவுண்டிலும் பயானோவை 70 விநாடியிலும் படுக்க வைத்தவருக்கு, மேலே போனதும் ஃபுல்டனை முடிக்க எட்டு ரவுண்டு ஆனது, டபாலெஸை முடிக்கப் பத்து. அதுவரை யாருமே கீழே தள்ளாத மனிதரை 2024 மே மாதம் டோக்கியோ டோமில் லூயிஸ் நெரி முதல் ரவுண்டிலேயே விழ வைத்தார், அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் ரமோன் கார்டினாஸ் விழ வைத்தார். இரண்டு முறையும் இனோவே எழுந்து ஜெயித்தார் என்பது வேறு விஷயம். தம்பி ஏற வேண்டியதோ முழுசாக ஐந்து கிலோ. அங்கே இருக்கிற பையன்களில் சிலர் 65, 66-லிருந்து இறங்கி வந்தவர்களாக இருப்பார்கள். இதுவரை ஒரே குத்தில் பின்வாங்கியவர்களைப் பார்த்துப் பழகியவன், அதே குத்தை வாங்கிக்கொண்டு முன்னால் வருகிறவர்களைப் பார்ப்பான்.

உடம்பு தயாராகாமல் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து வீரர் கெல் புரூக் இருக்கிறார். 66.7 கிலோ வெல்டர்வெயிட்டில் தோல்வியே காணாத சாம்பியன். 2016 செப்டம்பரில் இரண்டு பிரிவு தாண்டி 72.6 கிலோ மிடில்வெயிட்டில், அந்தப் பிரிவின் சாம்பியன் கோலோவ்கினை லண்டனில் சந்தித்தார். கண்குழி எலும்பு உடைந்தது, ஐந்தாவது ரவுண்டில் அவர் பயிற்சியாளர் தரப்பே துண்டை வீசிச் சண்டையை நிறுத்தியது. அடுத்த சண்டைக்குத் திரும்ப வெல்டருக்கு இறங்கி வந்தார், அதில் எரோல் ஸ்பென்ஸிடம் இன்னொரு கண்ணின் எலும்பும் போனது. ஏறிப் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் இறங்கிக்கொள்வோம் என்று தம்பி நினைத்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

நான் சொல்கிற முடிவு: அவன் 60-க்குப் போக வேண்டும். ஆனால் அடுத்த மாதப் போட்டிக்காக இல்லை, ஆறு மாதம் எடுத்துக்கொண்டு. பிரிவில் எல்லோரையும் ஜெயித்துவிட்டான் என்பது எனக்குக் காரணம் இல்லை. அதற்காக மட்டும் ஏற வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது. அமெரிக்க வீரர் மார்வின் ஹாக்லர் தன் தொழில்முறை வாழ்க்கை முழுவதையும் மிடில்வெயிட்டிலேயே ஆடி முடித்தார், அவரை யாரும் குறைவாகப் பேசுவதில்லை. உங்கள் தம்பி சாதாரண நாளில் 57 இருந்திருந்தால், 55-லேயே இருக்கட்டும் என்று தயங்காமல் எழுதியிருப்பேன். 19 வயதில் 61 என்றால் அவன் உடம்பு 55-ஐ விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. இன்னும் வளர்கிற வயது வேறு.

இந்த ஆறு மாதத்தில் 60, 65 கிலோ பையன்களோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, செய்யட்டும். வாரம் ஒரு முறை போதும், வீம்புக்கு அடித்துக்கொள்ளாமல் கற்றுக்கொள்வதற்காக. காலுக்கும் இடுப்புக்கும் பலம் சேர்க்கட்டும். ஒரு குத்தில் முடிக்கும் பழக்கத்தை விட்டு, ஜாப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நகரும் பழக்கம் வரட்டும். சாப்பாட்டில் ஒன்றும் மாயம் தேவையில்லை. முட்டை, பருப்பு, மீன், வேளாவேளைக்குச் சோறு. அவன் வீட்டில் இத்தனை வருடம் சாப்பிடாமல் விட்டதுதான்.

மெடல் கணக்கை அவன் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். வேலை என்பது அவனுக்கு மட்டும் வேண்டியதா என்ன, உங்கள் வீட்டுக்கே வேண்டியதாக இருக்கும். அதைச் சின்ன விஷயமாக்கினால் அப்புறம் நீங்கள் சொல்வது எதுவும் அவன் காதில் ஏறாது. நம் நாட்டு வீராங்கனை லவ்லினா போர்கோஹெய்னைப் பற்றிச் சொல்லுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 69 கிலோவில் வெண்கலம் வாங்கியவர். பாரிஸுக்கு அந்தப் பிரிவே இல்லாமல் போனது. 75-க்கு ஏறினார், 2023-ல் டெல்லியில் அந்தப் பிரிவிலேயே உலக சாம்பியன் ஆனார். பாரிஸில் காலிறுதியில் தோற்றார், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிரிவு மாறினால் மெடல் போய்விடும் என்ற பயத்துக்கு அவரை விட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

அக்கா சொல்லி எடைப்பிரிவை மாற்றினான் என்று இருக்க வேண்டாம். அவனே கண்ணால் பார்க்கட்டும். நாளைக் காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு வந்ததும், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் தராசில் ஏறச் சொல்லுங்கள். ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு அவன் கையாலேயே எழுதட்டும். மூன்று வாரம், பட்டினி இல்லாமல், வழக்கமான பயிற்சியோடு. அந்த நோட்டை அவனே மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதில் என்ன எண் வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.