சொந்தப் பாவனைக்கு மட்டும்

கேள்வி: ஹட்டனில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழில் மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் போட, மெல்லிய கோடும் நீண்ட சுழியுமாகக் கையால் எழுதியதுபோல ஓடும் ஒரு ஃபொண்ட்டை இணையத்தில் இலவசமாக இறக்கினேன். ஒரு தேயிலைக் கடைக்கு அதிலேயே லோகோவும் செய்து கொடுத்தேன். இப்போது அதை வடிவமைத்த வெளிநாட்டவர் லைசன்ஸ் இல்லை, 400 டொலர் கட்டு என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ‘சொந்தப் பாவனைக்கு என்று இருந்தது தெரியும், ஆனால் இங்கே எல்லோரும் பாவிக்கிறார்கள்’ என்று பதில் போட்டுவிட்டேன். சீசனே இல்லாத நேரத்தில் என்னை மட்டும் ஏன் பிடிக்கிறார்?

பதில்: பக்கத்து அச்சகம் என்ன செய்கிறது என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. சீசனையும் கேட்காது. ஃபொண்ட்டோடு வந்த லைசன்ஸில் என்ன எழுதியிருந்தது என்பது ஒன்றுதான் கேள்வி. கிரேட் வைப்ஸ் என்ற ஃபொண்ட் போல, ஓப்பன் ஃபொண்ட் லைசன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வருவதென்றால் வியாபாரத்துக்கும் தாராளமாகப் பாவிக்கலாம். உங்களுடையது அப்படியல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

‘எழுத்தின் வடிவத்துக்கு அமெரிக்காவிலேயே பதிப்புரிமை கிடையாதே சேர்’ என்று சிலர் வருவார்கள். சரி, ஆனால் அங்கேயும் ஃபொண்ட் கோப்பு மென்பொருளாகப் பாதுகாக்கப்படுகிறது. நீங்கள் அந்தச் சுழிகளைப் பார்த்துக் கையால் வரையவில்லை, கோப்பைத்தான் நிறுவினீர்கள்.

எனக்குப் பயம் தருவது உங்கள் பதில் மடல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறியவருக்கு நீதவான் 5 இலட்சம் ரூபா வரை அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த ‘வேண்டுமென்றே’யை நிரூபிக்கத்தான் எதிர்த்தரப்பு திணறும். ‘தெரியும்’ என்ற ஒரு சொல்லில் அந்தச் சிரமத்தைத் தீர்த்து வைத்துவிட்டீர்கள். நியாயம் கேட்பதாக நினைத்து வாக்குமூலம் கொடுப்பவர்கள் மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

அப்புறம் அந்த லோகோ. பென் டிரைவில் ஃபொண்ட் கோப்பையும் சேர்த்துக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் விநியோகித்ததாகவும் ஆகும். தன் பங்குக்கு மட்டும் காசு கட்டிவிட்டு நிம்மதியாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த கடிதம் அவருடைய வாடிக்கையாளருக்குப் போனது. அடித்து வைத்திருந்த பைகள் எல்லாவற்றுக்கும் கடைக்காரர் இவரிடம் நட்டஈடு கேட்டார்.

ஆகவே காசைக் கட்டுங்கள். பேரம் பேசிப் பாருங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். ஆனால் பணம் போகுமுன் எழுத்தில் ஒன்று வாங்க வேண்டும்: இதுவரை அடித்த அழைப்பிதழ்கள், அந்த லோகோ, தேயிலைக் கடையின் பெயர் எல்லாவற்றையும் சொல்லி, இனி கோரிக்கை இல்லை என்ற விடுவிப்பு. இனிமேலும் லோகோவைப் பாவிக்கும் உரிமையும் அதிலேயே வரட்டும். அவர் நட்டஈட்டு வழக்கென்று போனால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம்தான். ஹட்டனிலிருந்து நாலு தவணைக்குப் போய்வந்து சட்டத்தரணிக்கும் கொடுத்தால் 400 டொலர் சின்னத் தொகையாகத் தெரியும்.

கணினியில் இருப்பதைப் பதற்றத்தில் அழித்துவிடாதீர்கள், அது மறைப்பாகத் தெரியும். அவருக்கு இனி ஒரு வரி எழுதுவதென்றாலும் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.