அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு

கேள்வி: 9 வருடமாக இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறேன். வயதான ஒரு அம்மாவைப் பார்க்கும் வேலை. மூன்று மாதமாக நித்திரை இல்லை, கறி தாளிக்கும்போதே அழுகை வருகிறது. 11 வயது மகனோடு டொக்டரிடம் போனேன். அவன் 'மியா மம்மா ஏ உன் போ ஸ்டாங்கா' என்றான். டொக்டர் விற்றமின் எழுதித் தந்தார். தாங்க முடியவில்லை என்பதை இத்தாலியனில் எப்படிச் சொல்வது? ஃபோனில் தேடினால் 'சொப்ரஃபாத்தா' என்று வருகிறது.

பதில்: சொல்லுக்குப் பிறகு வருகிறேன், தங்கச்சி. முதலில் அந்த விற்றமின்.

'அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பு.' உங்கள் மகன் சொன்னது அவ்வளவுதான். அவனுக்கு இத்தாலியன் தெரியாமல் அல்ல. அடுப்படியில் நீங்கள் அழுவதை அவன் பார்த்திருக்கிறான். அதை வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவருக்கு முன்னால் தன் வாயால் சொல்ல அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. டொக்டர் தனக்குக் கேட்டதற்கு மருந்து எழுதினார். பிழை உங்கள் மேல். பெற்ற தாயின் துக்கத்தை மொழிபெயர்க்கிற வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. அது தகப்பன் செய்ய வேண்டியது. கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் எங்கே?

இனிச் சொல்லுக்கு வருவோம். 'சொப்ரஃபாத்தா' பிழையில்லை, ஆனால் எழுத்து வாடை அடிக்கும். அங்கே வீட்டில், பஸ்ஸில், எல்லாரும் சொல்வது 'நொன் ச்சே லா ஃபாச்சோ ப்யூ'. நம்முடைய 'என்னால இனி ஏலாது' அப்படியே அதில் இருக்கிறது. எது ஏலாது என்று விளக்கத் தேவையில்லை, அதில் வரும் 'லா' எதையும் குறித்துச் சொல்வதில்லை. ஆனால் கடைசி 'ப்யூ'வை விழுங்கி விடாதீர்கள். அதை விட்டால் ஏதோ ஒரு வேலை செய்ய முடியவில்லை என்பது போலவும் கேட்கும். 'இனி' என்பது அதில்தான் இருக்கிறது. 'நொன் சோ தோவே ஸ்பாத்தெரே லா தெஸ்தா' என்றும் சொல்வார்கள். எங்கே போய்த் தலையை முட்டிக்கொள்வது என்று நாம் சொல்வதேதான். ஆனால் அது வழி தெரியாமல் தவிப்பவர் பேச்சு, டொக்டரிடம் முதலாவதைச் சொல்லுங்கள். பிறகு 'நொன் தோர்மோ, பியாங்கோ, தா த்ரே மேசி': நித்திரை இல்லை, அழுகிறேன், மூன்று மாதமாக. இலக்கணம் பார்க்க வேண்டாம். ஒரு துண்டில் தமிழ் எழுத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

அந்த முதியவரின் பிள்ளைகளிடமும் இதையே சொல்ல வேண்டும். இரவில் தங்காமல் வந்துபோகிறவர் என்றால் வீட்டுப் பணியாளர் ஒப்பந்தப்படி கிழமைக்கு 40 மணித்தியாலம்தான், ஞாயிறு முழு ஓய்வு. உங்களுக்குக் கடைசியாக ஞாயிறு கிடைத்தது எப்போது?

இந்தக் கிழமையே டொக்டரிடம் திரும்பப் போங்கள். கணவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுக் கூட வரட்டும். அவருக்கும் மொழி போதாவிட்டால் 'மெதியத்தோரே' வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், மொழி தெரியாதவருக்குத் துணை நிற்கிறவர் பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. மகன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகட்டும்.