ரஷ்யாவின் அம்பர் அறை உண்மையில் திரும்பக் கிடைத்ததா?

இல்லை. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே புஷ்கின் நகரில் கேத்தரின் அரண்மனையில் பார்ப்பது புதிதாகச் செய்த அறை. இரண்டாம் உலகப் போரில் தொலைந்த அசல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அம்பர் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வடிந்து இறுகிய மரப்பிசின். அதைத் தேன் நிறச் சில்லுகளாகச் சீவி, மரப்பலகைகளில் ஒட்டி, அந்த அறையின் சுவர் முழுக்கப் பதித்திருந்தார்கள். 1716இல் பிரஷ்ய (அன்றைய ஜெர்மன் அரசு ஒன்று) மன்னர் இதை ரஷ்ய மன்னர் ஜார் பீட்டருக்குப் பரிசாகக் கொடுத்தார்.

1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது காப்பாளர்கள் பலகைகளைக் கழற்றப் பார்த்தார்கள். காய்ந்துபோன அம்பர் கையில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வேறு வழியில்லாமல் மேலே காகிதம் ஒட்டி மறைத்தார்கள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பலிக்கவில்லை. படையினர் கண்டுபிடித்து, கழற்றி, பெட்டிகளில் அடைத்து அன்றைய ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1945க்குப் பிறகு தடயமே இல்லை. கோட்டையோடு எரிந்திருக்கும் என்பதே எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது.

சரி, எப்படித் திரும்பச் செய்தார்கள்? பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களை வைத்துத்தான்! அம்பரைச் சூடாக்கிச் சாயமேற்றும் பழைய கைவேலையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 1979இல் தொடங்கிய வேலை 2003இல் முடிந்தது. ஜெர்மன் நிறுவனம் ஒன்றும் பணம் கொடுத்தது.

அப்புறம் ஒன்று: சுவரில் இருந்த நான்கு கல் மொசைக் படங்களில் ஒன்று மட்டும் 1997இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் அகப்பட்டது. அறையைக் கொண்டுபோன படையில் இருந்த ஒரு சிப்பாயின் குடும்பத்திடம் அது இருந்திருக்கிறது. 2000இல் ரஷ்யாவிடம் ஒப்படைத்தார்கள்.