மூத்தோர் இருக்கும் வீடு: இந்த மாதக் கடிதங்கள்

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எழுதியவை. எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இருப்பவர்களின் வயது, வாசலில் எத்தனை படி, பாத்ரூம் கதவின் அகலம், பக்கத்து வீடு எவ்வளவு தூரம், இந்த நாலையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் நான் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

சிட் அவுட்டுக்கு (வாசல் திண்ணைக்கு) நாலு படி. ஓரமாக நாலடி நீளத்தில் சாய்தளம் போட்டோம். அப்பாவின் வீல்சேரை இரண்டு பேர் தள்ளினாலும் ஏறவில்லை. (நித்திரவிளை)

ஏறாது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இதுதான் கணக்கு. நாலு படி என்றால் சுமார் இரண்டடி உயரம். 24 அடி சாய்தளம் வேண்டும். முற்றத்தில் இடம் போதாது என்றால் சுவரை ஒட்டித் திருப்பிக் கொண்டு போங்கள், திருப்பத்தில் ஐந்தடி சமதளம் விடுங்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி. இப்போது போட்டிருப்பதை இடித்துவிடுங்கள். ஏற்றுவதைவிட அதில் இறக்குவதுதான் ஆபத்து.

அம்மாவின் பாத்ரூமுக்கு எந்த டைல்ஸ் நல்லது? (கருங்கல்)

பளபளப்பில்லாத, கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும் டைல்ஸ். கடையிலேயே தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். முற்றத்துக்கும் இதுவே. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. பாசி பிடிக்காத முற்றம் கிடையாது.

நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் இரண்டு மாடி வீடு, 2,800 சதுர அடி. பெற்றோருக்கு முழங்கால் வலி. படுக்கையறை மாடியில். லிஃப்ட் வைக்கலாமா? (மார்த்தாண்டம்)

வேண்டாம். லிஃப்டுக்குப் பத்து லட்சம் முன்பின் ஆகும். பழுதானால் திருவனந்தபுரத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஆள் வரும்வரை இரண்டு பேரும் மாடியிலேயே கிடக்க வேண்டும். பெற்றோரைக் கீழே கொண்டுவாருங்கள். கீழே ஒரு படுக்கையறை, அதை ஒட்டியே பாத்ரூம். இரண்டு லட்சத்துக்குள் முடியும் வேலை.

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் எழும்பிய வீடுகளைப் பாருங்கள். ரப்பர் காசிலும் கல்ஃப் காசிலும் கட்டியவை. அறுபதை நெருங்கும் இரண்டு பேர் நிரந்தரமாக இருக்கப்போகும் வீட்டை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து தங்கும் மகனுக்காகத் திட்டம் போடுகிறார்கள். நல்ல அறைகள் மேலே. கீழே பெரிய ஹால், மாடிப்படிக்கு அடியில் நாலுக்கு ஆறு அளவில் விருந்தாளிகளுக்கு ஒரு பாத்ரூம், அதற்கு இரண்டடிக் கதவு. வீல்சேரின் அகலமே 26 அங்குலம்.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த பெரியவரை ஹாலில், டி.வி.க்கு எதிரே கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பாத்ரூமுக்குள் வீல்சேர் நுழையாது. ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் மனைவியும் வேலைக்கு வரும் பெண்ணும் நிலைப்படியைத் தாண்டித் தூக்கினார்கள். அந்தச் சிரமத்துக்குப் பயந்து அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தார். மேலே மூன்று பாத்ரூம்கள் பூட்டிக் கிடந்தன. கோடிக்கு மேல் செலவழித்த வீட்டில் ஒரு மனிதர் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? பிளான் போட்டவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதில்லை. வீட்டுக்காரரும் முகப்பைத்தான் பார்க்கிறார்.

இது ஓரிரு வீட்டுச் சங்கதி அல்ல. கேரளாவில் இன்று ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். 2031இல் ஐந்தில் ஒருவர் என்பது மத்திய அரசின் கணிப்பு. தமிழ்நாடும் பின்னாலேயே வருகிறது, அப்போது 18 சதவீதம். 2011 கணக்கெடுப்பிலேயே கேரளாவில் 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. வீடு நமக்குப் போதுமான அளவு இருக்கிறது. வயதானவர் நடமாடக்கூடிய வீடுதான் இல்லை.

ஆகவே: கீழ்த்தளம். மூன்றடிக் கதவு, வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அசைக்க முடியாது. ஐந்தடிக்கு எட்டடி பாத்ரூம், சுவரில் எஃகுக் கைப்பிடி, நாற்காலி உயரத்தில் வெஸ்டர்ன் டாய்லெட். கேட்டின் இன்னொரு சாவி பக்கத்து வீட்டில். யாராவது விழுவதற்கு முன்பே செய்யுங்கள்.

ரேஷன் கார்டு களியக்காவிளையில், வீடு எல்லைக்கு அப்பால் கேரளாவின் பாறசாலையில். எந்த மாநிலத்தின் முதியோர் பென்ஷன் வாங்கலாம்? (பாறசாலை)

கடிதத்தில் உங்கள் வயதைச் சொல்லவில்லை, வருமானத்தைச் சொல்லவில்லை, எத்தனை ஆண்டாக அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லவில்லை. நிரந்தரமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான், அதுவும் ஒன்றுதான். எங்கே தொகை அதிகம் என்று பார்த்து இரண்டு பக்கமும் விண்ணப்பிக்காதீர்கள், ஆதாரில் பிடிபடும். முகவரியை முதலில் ஒன்றாக்குங்கள்.

பாறசாலையில் அக்காவின் வீட்டுக்குப் பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ் (தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிப்பவர்) வருகிறார். நமக்கு அப்படி இல்லையா? (மேல்புறம்)

இருக்கிறது. கேரளா 2008இலேயே இதற்குக் கொள்கை வகுத்து உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. அதற்கும் முன்பு, 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை அது. நம் தமிழ்நாட்டுப் பக்கம் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமல்ல, பிசியோதெரபியும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான பராமரிப்பும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வருகிற நர்ஸ் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்து வீட்டுச் சாவி இதற்கும் உதவும்.

வீட்டை மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது என்னைக் கவனிப்பதில்லை. திரும்ப வாங்க முடியுமா? (அருமனை)

பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லையே, அம்மா! எல்லாம் அதில்தான் இருக்கிறது. பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23: கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனையே இல்லாவிட்டால் கஷ்டம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், மகன் கவனிப்பான் என்று ஒரு தாய் எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்து, சொத்தையும் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. உங்கள் பகுதிக்கு மனு பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில். பத்திர நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14567, மூத்தோர் உதவி எண்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: உயில் எழுதுங்கள், நினைத்தபோது மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் என்றால் ஆயுட்கால அனுபவ உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளை நல்ல பிள்ளையாக இருந்தாலும் சரி.

ஹோம் நர்ஸ் சம்பளம் எவ்வளவு? (பெயர், ஊர் இல்லை)

ஏஜென்சி வழியாக என்றால் மாதம் 20 ஆயிரத்துக்கு மேல். பெயரில்தான் நர்ஸ், பலர் பயிற்சி பெற்றவர்கள் அல்ல, ஊசி போடச் சொல்லாதீர்கள். அவருக்கும் படுக்க ஓர் இடம், வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து ஒரு கட்டடம் சும்மா கிடக்கிறது. அதை, மூத்தோர் பகலில் வந்து தங்கிப்போகும் பகல் வீடாக மாற்றலாமா? (குலசேகரம்)

மிக நல்ல யோசனை. கேரளப் பஞ்சாயத்துகள் பகல் வீடு நடத்துகின்றன, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சில இடங்களில் கட்டடம் நன்றாக இருக்கும், ஆள் இருக்காது. காரணம் மேடு. ரப்பர் தோட்டத்துச் சரிவில் இருக்கும் வீட்டிலிருந்து எழுபத்தைந்து வயதுக்காரர் எப்படி இறங்கி வருவார்? காலையும் மாலையும் ஓர் ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்த பிறகு பெயின்ட் அடியுங்கள். மதியச் சோறு கட்டாயம்; தனியாக இருப்பவர்கள் சமைப்பதை விட்டுவிட்டு டீயும் பன்னுமாக நாளைக் கழிக்கிறார்கள். அன்பியம் (கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு), சபை, ஊர்க்கோவில் கமிட்டி, ஜமாஅத் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், தனித்தனியாக வேண்டாம். கட்டடம் பள்ளிக்கல்வித் துறையின் பெயரில் இருந்தால் எழுத்துமூல அனுமதி முதலில். பாத்ரூம் கதவு மூன்றடி.