கருப்பு பூசிய கல்லறை

அன்புள்ள ஐயா,

போன பரிசுத்த வாரத்தில் எங்கள் சபையில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து நீளமான காடாத்துணியில் படம் வரைந்தோம். தினமும் சாயங்கால ஜெபத்துக்கு அப்புறம் ஒரு மணி நேரம். குருத்தோலைப் பவனியில் தொடங்கிக் காலிக் கல்லறையில் முடிகிற மாதிரி வீட்டுக்கு ஓர் இடம். கடைசி இடத்தைக் கேட்டு வாங்கியவர், அந்த வருஷம் கணவரை இழந்த ஓர் அம்மா. கல்லறை வாசலை முழுக்கக் கருப்பாகப் பூசிவிட்டு எழுந்துவிட்டார். ஈஸ்டர் அன்று இதை எப்படித் தொங்கவிடுவது என்று சனிக்கிழமை ராத்திரி சிலர் அதன்மேல் மஞ்சளில் ஒளிக்கதிர் போட்டோம். நானும் போட்டேன். காலையில் அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் செய்தது தப்பா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

தப்புதான். ஆனால் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்குச் சந்தோஷம்.

யோவான் 20-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போவது ‘அதிக இருட்டோடே’. கல் புரட்டிக் கிடப்பதைப் பார்த்ததும் அவள் உயிர்த்தெழுதலை நினைக்கவில்லை, உடலை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்றுதான் ஓடுகிறாள். மாற்குவின் சுவிசேஷமோ 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பழைய கிரேக்கப் பிரதிகளில், பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போன இடத்தோடு நின்றுவிடுகிறது. அந்த அம்மா நிற்பது அந்த வாசலில். அவர் வரைந்ததும் ஈஸ்டர்தான்.

இஸ்தான்புல்லில் முன்பு கோரா ஆலயமாக இருந்த கட்டடத்தில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய உயிர்ப்பு ஓவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளை உடையில் கிறிஸ்து, ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து கையைப் பிடித்து இழுத்து எழுப்புகிறார். அவர் காலுக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு பள்ளம், உடைந்த கதவுகள், சிதறிக் கிடக்கும் பூட்டுகள். அந்தப் பள்ளத்தை மூடி மறைக்க வேண்டும் என்று அதை வரைந்தவருக்குத் தோன்றவில்லை.

சேர்ந்து செய்வது என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது குவாத்தமாலா நாட்டின் ஆன்டிகுவா ஊர். புனித வாரத்தில் அங்கே பவனி வரும் தெருக்களில் மரத்தூளால் கம்பளம் போடுகிறார்கள். கிட்டத்தட்ட நம் ரங்கோலி மாதிரிதான், ஆனால் தெரு அகலத்துக்கு. கல் பாவிய தெருவின் மேடு பள்ளத்தை மணலோ தூளோ கொட்டிச் சமமாக்குவார்கள். அப்புறம் சாயம் போட்ட தூளை, உருவம் வெட்டிய அட்டைகள் வழியாகச் சலித்துத் தூவுவார்கள். கால் பட்டு அழியாமல் இருக்க, குறுக்கே பலகை போட்டு அதன்மேல் இருந்தபடி வேலை நடக்கும். காற்றில் பறக்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பைன் ஊசியிலை, பூ, காய்கறிகூட வைப்பதுண்டு. குடும்பமாக, அக்கம்பக்கத்தாராக, அவரவர் வீட்டு வாசலுக்கு நேரே போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டதன்மேல் சுரூபத்தைச் சுமந்தவர்கள் நடந்து போவார்கள், பின்னாலேயே பெருக்குகிறவர்கள் வருவார்கள். 2022-இல் குவாத்தமாலாவின் புனித வாரத்தை யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதில் என் மனதைத் தொடுவது, ஒரு வாசலின் கம்பளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வேறு நிறத்தில், வேறு உருவத்தில் கிடப்பது. அடுத்த வாசலுக்குப் போய் யாரும் திருத்த வேண்டியதில்லை. பவனி எல்லாவற்றின்மேலும் போகிறது. உங்கள் துணியிலும் வீட்டுக்கு ஓர் இடம் என்று சரியாகத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். சனிக்கிழமை ராத்திரி அதை மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். எனக்கு அதிகம் வருத்தம் தருவது அந்த நாள்தான். பெரிய வெள்ளிக்கும் ஞாயிறு அதிகாலை ஆராதனைக்கும் நடுவில் நாம் பெஞ்சு துடைத்து, பூ ஜோடித்து ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஒன்றும் நடக்காத அந்த ஒரு நாளை அந்த அம்மா வரைந்து வைத்திருந்தார்.

மஞ்சளைச் சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், துணி கெட்டுப்போகும். மஞ்சள் பூசியவர்கள் எல்லோருமாக ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். நாங்கள் கேட்காமல் செய்துவிட்டோம் என்று சொல்லுங்கள். காப்பி கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள், அவர் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். அடுத்த வருஷமும் கடைசி இடம் அவருக்குத்தான் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.