தேர் அச்சு ஏன் முறிந்தது? பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் அம்மன் கோயிலின் சின்னத் தேருக்கு 9 வருஷத்துக்கு முன் ஒரு மரமில்லில் கட்டை இழுத்த ட்ராலியின் பழைய அச்சை வாங்கிப் போட்டோம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் அச்சு. இந்தப் பங்குனியில் அம்மனும் ஆறேழு ஆட்களும் மேலே இருக்க, தேர் ஊரைச் சுற்றி நல்லபடியாக வந்தது. மறுநாள் வெறுந்தேரைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, சமதரையில், அச்சு படாரென்று முறிந்துவிட்டது. இரும்பு கலப்படம் என்கிறார் ஒருவர், தெய்வக் குற்றம் என்கிறார் இன்னொருவர். முறிந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். (ஆலயக் குழு உறுப்பினர், தட்டோன்)

பதில்: உங்கள் படத்தை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரங்கூனில் 40 வருஷமாக லேத்தும் வெல்டிங்குமாக இருப்பவன் நான். இந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முக்கால்வாசி இடம் வழவழவென்று கறுத்திருக்கிறது. அதில் சிப்பி ஓட்டின் மேல் இருப்பது போல வளைவு வளைவாக மெல்லிய வரிகள். மீதிக் கால்வாசி மட்டும் கற்கண்டை உடைத்தாற்போல மினுமினுக்கிறது. அந்த மினுமினுப்புதான் அன்றைக்கு முறிந்த இடம். கறுத்த இடம் என்றைக்கோ விட்டுப்போனது. வெடிப்புக்குள் எண்ணெயும் துருவும் ஏறியிருப்பதே அதற்குச் சாட்சி. ஊர்வலத்தன்று அம்மனைச் சுமந்தது அச்சில் மிச்சமிருந்த அந்தக் கால் பங்குதான். படத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். பாரம் ஏறும்போது அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைகிறது. வளைந்தால் ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப் பக்கம் அமுங்கும். அச்சு சுற்றுவதால், இப்போது இழுபட்ட இடம் அரைச் சுற்றில் அமுங்குகிறது, மறுபடி இழுபடுகிறது. 2 அடி விட்டமுள்ள சக்கரம் என்றால் மைலுக்குச் சுமார் 840 சுற்று. மில்லில் ஒரு ட்ராலி நாளைக்கு 5 மைல் ஓடினால், வருஷத்துக்குப் பத்து லட்சம் சுற்றைத் தாண்டிவிடும். நீங்கள் வாங்கியபோதே அந்த அச்சு தன் ஆயுளில் பெரும்பகுதியை மில்லில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. மேலே வர்ணம் அடித்தால் புதிதாகத் தெரியும். ஆனால் வாங்கிய அடி ஒவ்வொன்றும் இரும்புக்குள் கணக்காக இருக்கும்.

கலப்படம் என்று சொன்னவரைக் குறை சொல்லாதீர்கள். 1842இல் பிரான்ஸில் வெர்சாய் பக்கம் ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து நிறையப் பேர் இறந்தார்கள். ஓடி ஓடி அதிர்ந்ததில் இரும்பு உப்புக்கல் மாதிரி மாறிவிடுகிறது என்று அந்தக் காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். மினுமினுப்பைப் பார்த்து வந்த எண்ணம் அது. பிறகு ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் வருஷக்கணக்கில் அச்சுகளைச் சுற்றவிட்டுப் பார்த்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவையான பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமே, திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும் என்று காட்டினார். ஓர் அளவுக்குக் கீழே பாரம் இருந்தால் எஃகு கோடிச் சுற்றும் தாங்கும் என்பதும் அப்போது தெரிந்தது. ஆனால் துரு பிடித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். உங்கள் ஊர் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஏன் குறிப்பாக அந்த இடத்தில்? படத்தில் பாருங்கள், சக்கரம் உட்காருவதற்காக அச்சின் தடிப்பைக் குறைத்துப் படி வெட்டியிருக்கிறார்கள். படியின் உள்மூலை கத்தி வைத்தாற்போல 90 டிகிரி. ஜவுளிக்கடையில் லுங்கித் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போடுவார், அப்புறம் இரண்டு கையால் இழுத்தால் சரசரவென்று போகும். வெட்டில்லாமல் இழுத்தால் போகாது. கூரான உள்மூலை இரும்புக்கு அந்தக் கத்தரி வெட்டு. உருண்டையான ஓட்டைகூட, பலகை ஒன்றில் ஒரு பக்கமாக வரும் இழுவையை அதன் விளிம்பில் மூன்று மடங்காக்கும். கூர்மூலை அதைவிட மோசம்.

முறிந்ததை ஒட்டவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு தள்ளுவண்டியின் அச்சை நான் ஒருமுறை ஒட்டிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் வெல்டிங்கின் ஓரத்தில், வெல்டிங்கைத் தொடாமல், பக்கத்திலேயே முறிந்து வந்தது. வண்டிக்காரரின் கால்விரல் நசுங்கியிருந்தது. வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு கடினப்பட்டுப்போகும், ஓரத்தில் புது வெட்டும் உண்டாகும். அன்றிலிருந்து சுற்றும் அச்சில் நான் வெல்டிங் வைத்ததில்லை.

புது இரும்பில் கடைந்து வாங்குங்கள். படியின் உள்மூலையைக் குறைந்தது கால் அங்குலம் வளைவாக விடச் சொல்லுங்கள், மேல்பரப்பை வழவழப்பாக்கச் சொல்லுங்கள். அந்த வளைவு தட்டாதபடி சக்கரத்தின் துளை வாயைக் கொஞ்சம் சரித்துக் கடைய வேண்டிவரும், அதற்கு டர்னர் முணுமுணுப்பார், விடாதீர்கள். தேரின் இன்னோர் அச்சும் அதே மில்லிலிருந்து வந்தது என்றால் உடனே இதைச் செய்யுங்கள்: கழற்றி, சுத்தமாகத் துடைத்து, படி வெட்டிய இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு காய்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைப் பூசுங்கள். சுத்தியலால் பக்கத்தில் லேசாகத் தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே வந்து, வெள்ளைப் பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு கறுக்கும். கோடு வராவிட்டாலும் பழைய அச்சை மாற்றிவிடுவதே என் விருப்பம். தேருக்கு அடியில் வடம் பிடிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள்.

கேள்வி: எங்கள் மாடித் தரையைத் தாங்கும் தேக்கு விட்டம் 12 அடி நீளம். அப்பா காலத்தில் நேராக இருந்தது, இப்போது நடுவில் ஓர் அங்குலம் தொங்குகிறது. அதற்கு மேலேதான் அரிசி மூட்டைகளும் பெரிய அலமாரியும் வைத்திருக்கிறோம். விழுந்துவிடுமா? (வாசகி, மோல்மீன்)

பதில்: அம்மா, பயப்படும் நிலை இல்லை, ஆனால் விட்டுவைக்கும் நிலையும் இல்லை. மரத்தில் பாரம் நின்றுகொண்டே இருந்தால் வருஷம் போகப்போகத் தொய்வு கூடும். முதல் நாள் வளைந்த அளவு இரண்டு மடங்காவது சாதாரணம். பாரத்தை இறக்கினால் முழுக்க நிமிராது. 12 அடிக்கு அரை அங்குலத்துக்குள் இருந்தால் நான் கேட்டுக்கொண்டு போயிருப்பேன், ஓர் அங்குலம் அதிகம்தான்.

மரம் இரும்பு அச்சைப் போலத் திடீரென்று ஏமாற்றாது, பெரும்பாலும் முன்னால் சொல்லும். விட்டத்தின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், இழுபடுவது அந்தப் பக்கம்தான். குறுக்கே நார் பிரிந்திருக்கிறதா, கரையான் தடம் இருக்கிறதா, யாராவது மின்கம்பி இழுக்க அங்கே பள்ளம் செதுக்கியிருக்கிறார்களா? ராத்திரியில் சடசடவென்று புதிதாகச் சத்தம் வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மூட்டைகளை இறக்கிவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

இல்லையென்றால், முதல் வேலை அரிசி மூட்டைகளைச் சுவர் ஓரத்துக்கு நகர்த்துவது. நடுவில் வைக்கும் பாரம்தான் விட்டத்தை அதிகம் வளைக்கும். அடுத்தது, நடுவில் ஒரு பின்கடோ (இரும்பு போலக் கடினமான பர்மா மரம்) தூண். பாரம் சீராகப் பரவியிருந்து, 12 அடி இரண்டு 6 அடியாகப் பிரிந்தால், தொய்வு பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். தூணைத் தரை ஓட்டின் மேல் நிறுத்தாதீர்கள், கீழே கான்கிரீட் அடித்தளம் வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் மேலே சுவர்ப்பூச்சு வெடிக்கும், பழகிய மரமும் பிளக்கும்.

உங்கள் தம்பி பக்கத்தில் 2க்கு 6 பலகை ஒன்றைச் சேர்த்துக் கட்டலாம் என்கிறாராம். கட்டலாம், ஆனால் நிமிர்த்தி நிற்க வைத்துக் கட்டச் சொல்லுங்கள். படுக்க வைத்த அதே பலகையைவிட, நிற்க வைத்தது 3 மடங்கு பாரம் தாங்கும், 9 மடங்கு விறைப்பாக இருக்கும். ஒரே மரம், ஒரே விலை.

கேள்வி: மாண்டலேயில் பூகம்பத்துக்குப் பிறகு மாமா வீட்டை மறுபடி கட்டுகிறார். கீழே கடைக்காகச் சுவர் இல்லாமல் தூண் மட்டும், மேலே இரண்டு மாடி. தூணில் தடித்த கம்பி போட்டால் போதும் என்கிறார் மேஸ்திரி. (மாணவர், ரங்கூன்)

பதில்: தம்பி, போதாது. 2025 மார்ச் 28 அன்று வந்தது 7.7 அளவு. 1934இல் கட்டிய ஆவா பாலமே இடிந்து ஆற்றில் விழுந்தது. கீழே திறந்தவெளி, மேலே செங்கல் சுவர் என்று கட்டினால், ஆட்டம் முழுவதையும் கீழ்த் தூண்கள்தான் வாங்கும். மேல்மாடிகள் பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கும், கீழே கால்கள் மடங்கும்.

தூண் வளையும்போது நின்ற கம்பிகள் பக்கவாட்டில் வெளியே பிதுங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கிச் சிதறப் பார்க்கும். இரண்டையும் பிடித்து வைப்பது, நின்ற கம்பிகளைச் சுற்றிக் குறுக்கே கட்டும் கம்பி வளையமான ரிங்தான். அது நெருக்கமாக இருந்தால் தூண் வளைந்தபடியே நின்று, உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓட நேரம் கொடுக்கும். எட்டு அங்குலத்துக்கு ஒன்று என்று கட்டியிருந்தால் அந்த நேரம் கிடைக்காது. தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. வரைபடத்தைக் கட்டாயம் ஒரு பொறியாளரிடம் காட்டி, கடைப் பக்கம் எங்கே சுவர் எழுப்பலாம் என்று கேட்கச் சொல்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முதல் நாள் நீயே போய்ப் பார். ரிங்கின் இரண்டு முனையும் 135 டிகிரி மடங்கி, தூணின் உள்பக்கம் நோக்கிக் குத்தியிருக்க வேண்டும். 90 டிகிரியில் வெளி ஓரமாக நின்றால் ஆட்டத்தில் மேல்பூச்சு உதிரும், ரிங் அவிழ்ந்துவிடும். கம்பி கட்டுபவர் கையில் இருக்கும் மடக்குச் சாவியால் முனைக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அவர் பக்கத்தில் நின்று எல்லாத் தூணையும் எண்ணி மடக்கச் சொல்.